சகலையின் பிரஷர்

லாரிகளை எடை போடும் மேடையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவருக்குத் தராசு என்று பெயர் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிரைவர்கள் வைத்த பெயர் அது. நாளடைவில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியே, "ஆமா, பெரிய தராசு" என்பாள். அவருக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரப் பெருமைதான்.

தரையோடு தரையாகப் பதித்த நீள இரும்புத் தட்டு. பக்கத்தில், இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் ஓர் அறை. அறைக்குள் சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு பெட்டி. காலையில் வந்ததும் தட்டுக்கு அடியில் சேர்ந்திருக்கும் சேற்றையும் ஜல்லியையும் சுரண்டி எடுத்து, பெட்டியில் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் வண்டியை ஏற்றுவார். வண்டி ஏறியதும் டிரைவர் இறங்கியாக வேண்டும். "மணல எடை போடத்தான் உக்காந்திருக்கேன், உன்ன இல்ல" என்று ஜன்னல் வழியாக விரட்டுவார். எண் ஆடாமல் நிற்கும்வரை சீட்டு அடிக்க மாட்டார்.

இவ்வளவு கறாரான மனிதருக்கு ஒரே ஒரு ஆளின் விஷயத்தில் மட்டும் நிதானம் தவறிவிடும். அந்த ஆள் அவருடைய சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவர். அவர் தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒரு கார் நிற்கும். கண்ணாடி இறங்கும். "மாஸ்டர், ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்" என்று ஒரு குரல் வரும். தராசுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் லாரியில் போகிறவர்கள். அவர்கள் ஹாரன் அடித்து அவரை ஓரம் போகச் சொல்வார்கள்.

"மூத்த மாப்பிள்ளை நல்லவரு. சின்ன மாப்பிள்ளை தங்கம்" என்று மாமியார் யாரிடமோ சொன்னது ஒருமுறை அவர் காதில் விழுந்தது. அந்தம்மாள் அதை அன்று மாலையே மறந்திருப்பாள். இவர் பதினாறு வருடமாக மென்றுகொண்டிருந்தார்.

சர்க்கரை நோய் வந்தபோதும் அப்படித்தான். இருவருக்கும் ஒரே வருடத்தில், நான்கு மாத இடைவெளியில் வந்தது. இவருக்கு என்று தெரிந்ததும் குடும்பத்தில் எழுந்த பேச்சு, "கண்டதையும் தின்னிருப்பாரு." மாஸ்டருக்கு என்று தெரிந்ததும், "பாவம், வெயில்ல அலையற பொழப்பு." பின்னாலேயே இருவருக்கும் ரத்தக் கொதிப்பும் வந்து சேர்ந்தது. அதற்கும் அதே நியாயம்தான். இவருடையது கோபத்தால் வந்தது, அவருடையது உழைப்பால் வந்தது.

இருவரும் போனது ஒரே சர்க்கரை கிளினிக்குக்கு, மாதத்தின் முதல் வியாழக்கிழமை. மைத்துனி தன் கணவரைத் தனியாக விட்டால் போக மாட்டார் என்று சொல்லி, "மாமா, நீங்க போறப்ப அவரையும் இழுத்துட்டுப் போங்க" என்று ஒப்படைத்திருந்தாள். ஆக, தன் வயிற்றெரிச்சலைத் தானே ஸ்கூட்டரின் பின் சீட்டில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போகும்படி ஆயிற்று.

தராசு காலையில் நாற்பது நிமிடம் நடப்பவர். உப்பைப் பாதியாகக் குறைத்தவர். பல் துலக்கிய கையோடு பிரஷர் மாத்திரையை விழுங்குபவர். காய்ச்சலில் கிடந்தபோதும் ஒருநாள் தவறியதில்லை. கிளினிக்கில் நர்ஸம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பாள். நூற்று முப்பத்தெட்டு. போன மாதம் நூற்று நாற்பது. அதற்கு முந்தைய மாதம் நூற்று முப்பத்தாறு. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குறையணுங்க. நடக்கறீங்கல்ல?" என்பார்.

நடக்கறீங்கல்லவாம்.

அடுத்து மாஸ்டர். உட்கார்ந்ததும் நர்ஸம்மாவிடம், "மேடம், உங்க பையன் இன்னும் மூணாவது கியர்லயேதான் ஓட்டறானா?" என்று ஆரம்பிப்பார். அவள் சிரித்துக்கொண்டே காற்றடிப்பாள். நூற்றிருபது. கீழே எழுபத்தெட்டு. "பாத்தீங்களா, இதுதாங்க பிரஷர்!" என்று அவள் ஏதோ பரிசு விழுந்ததுபோலச் சொல்வாள். சாயங்காலம் மாஸ்டர் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயைக் கடையில் நின்று குடிப்பதைத் தராசு கண்ணால் பார்த்திருக்கிறார். எதையும் விடாத மனுஷனுக்கு நூற்றிருபது. எல்லாவற்றையும் விட்ட மனுஷனுக்கு நூற்று முப்பத்தெட்டு. திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்கூட்டர் கைப்பிடியை அவர் முறுக்கிய முறுக்கில் ரப்பர் வழுவழுவென்று ஆகிவிட்டது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பிரஷர் மிஷின் ஒன்றை அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் தராசு வீட்டில் மதியம் சாப்பிடுவது வழக்கம். சாப்பிடும் முன் மாஸ்டர் புது மிஷினைப் பார்த்துவிட்டு, "எங்க, நமக்கும் ஒண்ணு அடிங்க சகல" என்று கையை நீட்டினார்.

நூற்று அறுபத்தெட்டு.

தராசுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அடித்தார். நூற்று அறுபத்தைந்து. கையை மாற்றி அடித்தார். நூற்று அறுபத்தேழு. மிஷின் ஒழுங்கா என்று பார்க்கத் தன் கையில் அடித்தார். நூற்று முப்பத்தொன்பது. மிஷின் சரியாகத்தான் இருந்தது.

"என்ன சகல, கூடவா?" என்றார் மாஸ்டர்.

"கொஞ்சம்" என்றார் தராசு. அன்று அவர் இரண்டாவது தடவை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை மனைவி கவனித்தாள். சாயங்காலம் சட்டைப் பையில் கிடந்த பழைய எடைச்சீட்டின் பின்பக்கம் தேதி, நேரம், எண் எல்லாம் எழுதி, கேலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்தார்.

அடுத்த ஞாயிறு, ஆவலோடு பட்டையைச் சுற்றினார். நூற்றுப் பன்னிரண்டு. முகம் தொங்கிவிட்டது. அதற்கடுத்த வாரம் நூற்று ஐம்பத்தொன்பது. பிறகு நூற்று இருபத்துநான்கு. பிறகு நூற்று எழுபத்துநான்கு. பிறகு நூற்றாறு. அன்று மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"எந்திரிச்சா கண்ணு இருட்டுது சகல. அதுவும் சில நாள்தான்."

"மாத்திரை சாப்பிடறீங்கல்ல?"

மாஸ்டர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன? தினமும்லாம் யாரு போடறது? கிளினிக்குக்குப் போறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி பிடிச்சு ஒழுங்காப் போட்டுருவேன். டாக்டரம்மா மனசு நோகக் கூடாதுல்ல? மத்தபடி தல பாரமா இருந்துச்சுன்னா ரெண்டாப் போட்டுக்குவேன். லேசா இருந்தா விட்டுருவேன். உடம்பு கேக்கறப்ப குடுத்தாப் போதும்."

சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பில் ஊரே மயங்கும்.

இதை அவர் சொன்ன அந்த நிமிடமே தராசுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே லாரியை ஒரு தடவை பதினேழு டன் என்றும் அடுத்த தடவை பத்து டன் என்றும் காட்டுகிற மேடையை அவர் ஒரு மணி நேரம்கூட ஓட விட மாட்டார். கூட்டி வகுத்துப் பார்த்தால் சரியாகத்தானே வருகிறது என்று யாராவது சொன்னால் அடிக்கவே போய்விடுவார். குறுக்கே சங்கிலியைக் கட்டி, மெக்கானிக் வரும்வரை ஒரு வண்டியையும் ஏற விட மாட்டார். அவ்வளவு தெரிந்தவர்தான். ஆனால் மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மைத்துனியிடம் சொல்லவில்லை. தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்கு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம், 'வளர்ந்த மனுஷன், அவருக்கே தெரியணும்' என்பது. உண்மையான காரணம் வேறு. அந்த நூற்றிருபது பொய் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அது ஒருநாள் கிளினிக்கில், நர்ஸம்மா முன்னால், எல்லோரும் பார்க்க உடைய வேண்டும். அதற்கு ஆதாரம் சேர வேண்டும். அவ்வளவுதான். ஞாயிறுதோறும் எண் ஏறியிருந்தால் மனம் குளிரும்; இறங்கியிருந்தால் எரியும். ஒருநாள் பட்டைக்குள் காற்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே, 'நூத்தியெண்பது வரட்டும்' என்று தன் உதடு முணுமுணுப்பதை அவர் உணர்ந்தார். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் எண் வந்ததும் எழுதிக்கொண்டார்.

ஏழு மாதம் ஓடியது. கேலண்டருக்குப் பின்னால் இருபத்தெட்டுச் சீட்டுகள் சேர்ந்துவிட்டன.

எட்டாவது மாதம் கிளினிக்கில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு கூட்டம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மாடி அறையில். நோயோடு நன்றாக வாழ்கிற ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வார். அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

"நம்ம மாஸ்டர் பேசினா நாலு பேரு கேப்பாங்க" என்றாள் நர்ஸம்மா. பிறகு தராசு பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்கய்யா, நாற்காலி எடுத்துப் போட ஆள் வேணும்" என்றாள்.

அன்று இரவு சாப்பிடும்போது அவர் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன, உப்பு பத்தலையா?" என்றாள் மனைவி.

"நாற்காலி தூக்கணுமாம் நான்."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? அவரு மேடையில, நான் நாற்காலியில. இந்தக் குடும்பத்துக்குள்ள வந்ததுலேர்ந்து இதே கதைதானே."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்பத்தி மூணு வயசாகுது உங்களுக்கு. பிரஷர்லயுமா போட்டி போடுவீங்க?"

சனிக்கிழமை காலை, எடைமேடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இருபத்தெட்டுச் சீட்டுகளையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மாஸ்டர் பேசி முடித்ததும், கேள்வி கேட்கலாம் என்பார்கள். அப்போது எழுந்திருக்க வேண்டும். 'ஒரே ஒரு சந்தேகம்' என்று பணிவாகத் தொடங்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தார்.

மாடி அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். மைத்துனி முதல் வரிசையில் நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தராசின் மனைவி. மாஸ்டர் படியேறி வந்து வாசலில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். இளநீலச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. எல்லோருக்கும் ஒரு கும்பிடு. டாக்டரம்மா நான்கு வார்த்தை பேசி மைக்கை அவரிடம் கொடுத்தார்.

"சர்க்கரைங்கறது புதுசா டிரைவிங் கத்துக்க வர்ற ஆளு மாதிரிங்க" என்று மாஸ்டர் ஆரம்பித்தார். "நாம பதறினா அதுவும் பதறும்." அறை சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். இரண்டாவது வரிசையில் தராசு ஒருவர் மட்டும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரு மனிதனைப் பொறாமைக்காரன் பார்ப்பதுபோலக் கவனமாக வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். மாஸ்டர் மேல்சட்டைப் பொத்தானை அவிழ்த்ததை அவர் பார்த்தார். இடது கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்தார். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றவரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியதைப் பார்த்தார். ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. மாஸ்டர் சிரித்தார், ஆனால் அடுத்த வார்த்தை வரவில்லை. "மாஸ்டருக்கே பிரேக் பிடிச்சிருச்சு!" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, மறுபடி சிரிப்பு.

தராசுக்கும் ஒரு கணம் இனித்தது. உளறட்டும், நன்றாக உளறட்டும்.

அடுத்த கணம் மாஸ்டரின் முகம் சாம்பல் நிறமாவதைக் கண்டார். இளநீலச் சட்டை நெஞ்சோடு ஒட்டிக் கருநீலமாகியிருந்தது. மைக் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்த நாற்பது பேரில் எழுந்து ஓடியவர் அவர் ஒருவர்தான். ஒரு நாற்காலியைத் தட்டிவிட்டுப் போய், சரிகிற உடம்பை அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தாங்கினார்.

"ஒண்ணுமில்ல சகல... வாயு... காலையில சாப்பிடல..."

"பேசாத. உக்காரு. சாஞ்சுக்கோ" என்றார் தராசு. இத்தனை வருடத்தில் அவர் சகலையிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

கீழே இறக்கிப் படுக்க வைத்து மார்பிலும் கையிலும் ஒயர்களை ஒட்டினார்கள். காகிதம் கோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், நர்ஸம்மாவிடம் ஏதோ மாத்திரைகளைச் சொன்னார், பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். பிறகு வெளியே வந்து மைத்துனியிடம், "ஹார்ட் அட்டாக்தாம்மா. நல்லவேளை இங்கயே வந்துச்சு. ஆம்புலன்ஸ் வருது" என்றார்.

"நெஞ்சு வலின்னு சொல்லவே இல்லையே டாக்டர்!"

"சர்க்கரை உள்ளவங்களுக்கு நெஞ்சு வலிக்கணும்னு இல்ல. நரம்பு மரத்துப்போயிருக்கும். வேர்வை, தாடை வலி, மூச்சு வாங்கறது, இப்படித்தான் காட்டும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குப் புரியாதது என்னன்னா, இவரு பிரஷர் எப்பவும் நல்லாத்தானே இருந்துச்சு? ஒரு தடவைகூட ஏறலையே. மாத்திரை ஒழுங்காத்தானே சாப்பிட்டாரு?"

மைத்துனி, "சாப்பிட்டாருன்னுதான் நினைக்கிறேன்" என்று அழுதாள்.

தராசு பையில் கையை விட்டார். அந்த ரப்பர் பேண்டு கழல மாட்டேன் என்றது. இழுத்த இழுப்பில் அறுந்து போய்ச் சீட்டுகள் தரையில் சிதறின. குனிந்து பொறுக்கி, தேதி வரிசையில் அடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் அப்படியே நீட்டினார்.

"இது என்ன? லாரி எடையா?"

"பின்பக்கம் பாருங்கம்மா."

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பினார். நூற்று எழுபத்துநான்கு. நூற்றாறு. நூற்று அறுபத்தெட்டு. நூற்றுப் பத்து. கிளினிக்குக்கு வருவதற்கு முந்தைய நாலைந்து நாள் மட்டும் மாத்திரை ஒழுங்காகப் போட்ட விவரத்தைத் தராசு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"அடைப்புக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து வர்றது. ஆனா சர்க்கரையால இறுகிப்போன ரத்தக்குழாய்ல இன்னிக்கு இவ்வளவு, நாளைக்கு அவ்வளவுன்னு பிரஷர் மேலயும் கீழயும் போய் வந்தா, அந்தக் குழாயும் இருதயமும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எங்க கையில மாசத்துக்கு ஒரு நம்பர்தான் கிடைக்குது. அது நல்லா இருந்தா நாங்களும் ஏமாந்துடறோம்." அவர் இன்னொரு சீட்டைத் திருப்பினார். அதில் தராசின் எண்ணும் எழுதியிருந்தது. "உங்களுது பாருங்க. கொஞ்சம் கூடத்தான், ஆனா ஆடாம நிக்குது. மருந்த கூட்டிச் சரி பண்ணிடலாம். இந்த மாதிரி இருந்தாத்தான் எங்களால ஏதாவது செய்ய முடியும்."

இத்தனை வருடமாக எந்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் சகலை மூக்கில் குழாயோடு படுத்திருக்கும்போது வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அப்போதும் அவருக்குள் ஒரு துளி இனிப்பு சுரந்தது. அது சுரந்ததை நினைத்துத்தான் பிற்பாடு பல நாள் அவர் தலை நிமிராமல் நடந்தார்.

டாக்டரம்மா கடைசிச் சீட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏழு மாசமா எழுதியிருக்கீங்க. ஒரு தடவைகூட எங்கிட்ட காட்டலையே, ஏன்?"

மைத்துனி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மதியமே அடைப்பை நீக்கி, ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக் குழல் ஒன்றை வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பொது வார்டுக்கு வந்ததும் கூட்டம் தொடங்கியது. வண்டி கற்றுக்கொண்டவர்கள், அவர்களுடைய அண்ணன் தம்பிகள், யூனிபார்மோடு ஒரு பஸ் டிரைவர். மாடிப்படியில் வரிசை நின்றது. பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன. காவலாளிகூட, "மாஸ்டரா? நாலாவது பெட்டு" என்று கேட்காமலே வழி சொன்னான். 'எனக்கு வந்திருந்தா இத்தனை பேர் வருவாங்களா?' என்று தராசு எண்ணிப் பார்த்தார். நான்கு லாரி டிரைவர்கள் வருவார்கள்; அதுவும் பக்கத்தில் லோடு இருந்தால். இந்த நேரத்திலும் இந்தப் புத்தி போகமாட்டேன் என்கிறதே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மாஸ்டருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மைத்துனி சொல்லியிருந்தாள்.

"சீட்டு எழுதினீங்களாமே?"

"ம்."

"கூட்டத்துல என்னைக் கேக்கறதுக்கா எடுத்துட்டு வந்தீங்க?"

தராசு பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றார்.

மாஸ்டர் திட்டவில்லை, கண்ணடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மைத்துனி நடைபாதையில் நின்றிருந்தாள். "அவரு குழந்தைத்தனமா இருந்தாரு மாமா, அது அவரு தப்பு. உங்களுக்கு எல்லாம் தெரியும். ஏழு மாசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நம்பித்தானே உங்ககூட அனுப்பினேன்?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உன் தங்கச்சி கேட்டது சரிதான்" என்றார். அவளும், "சரிதான்" என்றாள்.

இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு யாரும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு காலை, தராசு மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். கதவைத் திறந்த மைத்துனி, கையிலிருந்த பையைப் பார்த்தாள். வழிவிட்டாள். மாஸ்டர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவில்லை. இடது கையை மட்டும் நீட்டினார். தராசு பட்டையைச் சுற்றினார். காற்று ஏறியது, இறங்கியது. எண்ணை உரக்கப் படித்து, மைத்துனி வாங்கி வைத்திருந்த நோட்டில் அவள் கண் முன்னாலேயே எழுதினார். நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டு எழுந்து போனார். ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

இப்படியே நான்கு மாதம். மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி மைத்துனி தானே எடுத்துக் கொடுத்தாள். தராசு வாரா வாரம் வந்தார். மழையில் நனைந்துகொண்டு வந்த ஒரு வாரம் மட்டும் அவள் துண்டு கொடுத்தாள். இன்னொரு வாரம் சர்க்கரை இல்லாத காபி வந்தது. மாஸ்டர் மட்டும் பேசவில்லை. பேப்பருக்குப் பின்னால் இருந்து கை வரும், அவ்வளவுதான். எண்கள் மெல்ல அடங்கின. நூற்று முப்பத்தைந்து. நூற்று முப்பது. நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பத்தொன்று. நூற்று இருபத்தேழு.

அந்த நூற்று இருபத்தேழு வந்த அன்று தராசுக்குள் பழையது தலைதூக்கியது. இப்போது மாஸ்டரின் எண்ணும் ஆடவில்லை. ஆடாததோடு தன்னுடையதைவிடக் குறைவாகவும் இருந்தது. நியாயமாக ஜெயித்துவிட்டார் மனுஷன். தராசுக்கு மருந்தைக் கூட்டியும் அவருடையது நூற்று முப்பத்து நாலிலேயே முரண்டு பிடித்தது.

அவர் மிஷினை மடிக்கப் போனபோது பேப்பர் கீழே இறங்கியது.

"உங்களுக்கு எவ்வளவு?" என்றார் மாஸ்டர்.

"இன்னும் பாக்கல."

"கையைக் குடுங்க." மாஸ்டர் பட்டையைப் பிடுங்கித் தானே அவர் கையில் சுற்றினார். தப்பாகச் சுற்றினார், குழாய் மேலே போயிருந்தது. தராசு திருத்திக்கொண்டார். இருவரும் எண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

நூற்று நாற்பத்திரண்டு.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"நடந்தீங்களா?"

"நடந்தேன்."

"அப்புறம் ஏன் சகல ஏறுது?"

தராசு பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களப் பாத்தா ஏறுது."

மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு மைத்துனி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். என்ன, என்ன என்று கேட்டாள். இருவரும் சொல்லவில்லை. தராசு சிரிக்காமல், நோட்டைத் திறந்து, நூற்று இருபத்தேழுக்குக் கீழே தன் எண்ணையும் எழுதி அவளிடம் கொடுத்தார்.